எங்கள் சபையின் சுதியும் கொஞ்சம் தூண்டில் நரம்பும்

“எந்து மீனினா, டீச்சரே?”

காஞ்சிரங்குளம் தாண்டி, கடற்கரைக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது அந்தத் தூண்டில் கடை. என்ன மீன் பிடிக்க நரம்பு வேண்டும் என்று கடைக்காரர் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

என் கையில் ஸ்குரூ கேஜ் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் கம்பியின் தடிமனை அளப்பார்களே, அதுதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவர் கடையின் ஒவ்வொரு சுருளிலிருந்தும் நரம்பை இழுத்து இழுத்து அளந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வில்சன், யாரோ ஒரு பெண் பின்னால் தவறி வந்துவிட்டவர் மாதிரி தள்ளி நின்று, மேலே தொங்கிய வலைகளைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார்.

“மீனினல்ல. பாட்டினா” என்றேன், மீனுக்கில்லை, பாட்டுக்கு என்று.

கடைக்காரர் என்னை விட்டுவிட்டு வில்சனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “டேமிலா?” என்றார். கள்ளிக்காட்டுப் பக்கம் அணையில் திருட்டுத்தனமாகத் தூண்டில் போடுகிறவர்கள் இப்படித்தான் எதையாவது சொல்லி மழுப்புவார்களாம். குடும்பமாக மழுப்ப வந்தவர்களை அவர் அன்றுதான் பார்த்திருக்க வேண்டும்.

அங்கே நாங்கள் எப்படிப் போய் நின்றோம் என்பதைச் சொல்கிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதிலிருந்து எங்கள் குடும்பத்தில் இரண்டு சித்தப்பாமார் என்னோடு பேசுவதில்லை. இந்த வாரம் சபையைப் பற்றி. பேசுவதற்கு யார் மிஞ்சுகிறார்கள் என்று பார்ப்போம்.

மூணு கட்டையாக்கும்

பாறசாலைக்குப் பக்கத்தில், எல்லைக்குக் கேரளப் பக்கம், கொல்லயில் என்று ஒரு ஊர். அங்கே எங்கள் வீடு. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் சபை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு மேலே கோபுரம் தெரிகிறதே, அது எதிர்மேட்டுச் சபை. இரண்டும் பழைய மிஷன் காலத்துச் சபைகள். ஒரே வேதம், ஒரே கீர்த்தனைப் புத்தகம், ஒரே தென்னந்தோப்பு. வித்தியாசம் சுதியில்.

ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டையிலிருந்து எண்ணிக்கொண்டு போவார்கள். ஒரு கட்டை என்றால் சாதாரண ஆண்குரல் சிரமமில்லாமல் நிற்கும். மூன்று கட்டை என்றால் கழுத்து நரம்பு புடைக்கும். மற்ற ஊர்களில் பாடுகிறவரின் குரலைப் பார்த்துச் சுதி வைப்பார்கள். நாங்கள் எதிர்மேட்டைப் பார்த்து வைப்போம்.

அவர்கள் ஒரு பண்டிகைக்கு அரைக் கட்டை ஏற்றினார்கள். ஒலிபெருக்கி வழியாக அது பள்ளம் தாண்டி வந்தது. அடுத்த ஞாயிறு நாங்களும் ஏற்றினோம். இப்படியே ஏறி ஏறி மூன்றில் வந்து நின்றோம். “நம்ம சபை மூணு கட்டையாக்கும்” என்று பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு பெரியவர் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறதா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பாட்டை யார் எடுத்தாலும், எடுத்த சுதியிலேயே முடிக்க வேண்டும். நடுவில் மாற்றினால் எடுத்தவரைச் சபை நடுவே அவமானப்படுத்தியதாக அர்த்தம். என் சிறுவயதில் ஒருவர் பதற்றத்தில் நாலு கட்டையில் எடுத்துவிட்டார். சபை முழுவதும் கண் பிதுங்கக் கடைசிச் சரணம் வரை பாடி முடித்தது. இரண்டு பேர் வெளியே போய்த் தண்ணீர் குடித்தார்கள், ஆனால் ஒருவரும் சுதியைக் குறைக்கவில்லை.

அந்த மூன்று கட்டையில் அலட்டிக்கொள்ளாமல் பாடக்கூடிய ஆண் எங்கள் சபையில் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக் கீர்த்தனையில் சரணங்கள் எல்லாம் வில்சனுடையவை. பல்லவி சபையுடையது. வீட்டில் அவருடைய மேடை குளியலறை. தினமும் காலையில் நான் கதவை இடித்து, “டேங்குல தண்ணி தீரப் போவுது, எனக்கு பஸ்ஸு போவுது” என்று கத்துவேன். உள்ளேயிருந்து அடுத்த சரணம் வரும்.

மைக் ஊழியம்

பிறகு அவருக்குக் கழுத்தில் தைராய்டு அறுவை நடந்தது. குரல் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடும் என்றார் டாக்டர். வந்தது. ஆனால் வந்தது வேறு ஆள். மேலே போன குரலுக்குப் பதிலாக, அடியில் மண் ஒட்டிய ஒரு தடித்த குரல். அவர் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்க அது தாராளம். மூன்று கட்டைக்கு அது ஏணி வைத்தாலும் எட்டாது.

எங்கள் பாடகர் குழுத் தலைவர் ஞானதாஸ் அண்ணன் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் செய்கிற கொடுமைக்குத் திருப்பி ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வில்சன் தோளில் கை போட்டார்.

“வில்சா, நீ இனி மைக்க பாத்துக்கிட்டா மதி. அதும் ஒரு ஊழியமாக்கும்.”

வில்சன் தலையாட்டினார். அதற்கடுத்த ஞாயிறிலிருந்து மைக்கை அணைக்கவும் போடவும் ஆரம்பித்தார்.

ஞானதாஸ் அண்ணனிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். சுதியைக் கொஞ்சம் இறக்கினால் என்ன? வீட்டை விற்கச் சொன்னது மாதிரி முகம் போனது.

“டீச்சரே, நீங்க படிச்சவிய. நாம எறங்கினா எதிர்மேட்டுக்காரன் என்ன சொல்லுவான்? சபைக்கு ஒரு மானம் உண்டு இல்லியா?”

எங்கள் குழுவில், ஒரு அறுப்பின் பண்டிகைக்குப் பாடாதவர் அடுத்த பண்டிகைக்கும் பாடாவிட்டால், தன் வெள்ளை அங்கியைத் துவைத்து இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கொடுத்ததும் வாங்கிக்கொள்வார்கள். முந்தின பண்டிகையின்போது வில்சன் ஆஸ்பத்திரியில் இருந்தார். அடுத்த பண்டிகைக்கு அதிக நாள் இல்லாதபோது, ஒரு சாயங்காலம் அவர் அங்கியை எடுத்துக் கொடியில் காயப் போட்டிருந்ததைப் பார்த்தேன். துவைத்திருந்தார்.

காலையில் குளியலறையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் வந்தது. நான் கதவைத் தட்டி எத்தனையோ நாளாகியிருந்தது. பஸ்ஸுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. பயமாகவும் இருந்தது.

மஸ்கட் நிபுணர்

என் தம்பி ராபின் மஸ்கட்டில் இருக்கிறான். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பது தொழில், மற்ற எல்லாவற்றிலும் நிபுணன். ஒரு விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ஒரு உக்குலேலே வாங்கிவந்திருந்தான். நாலு தந்தி, கைக்குழந்தை அளவு. எங்கள் தெருவில் அதைக் கிட்டாரின் பிள்ளை என்றார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்த கொரோனா காலத்தில் அதில் நாலு கார்டு, அதாவது நாலு விரல்பிடி, கற்றுக்கொண்டேன். ஐந்தாவதற்கு என் விரல்கள் சம்மதிக்கவில்லை.

அந்த நாலு கார்டைப் பிடித்தால் கருவி ஒரு கட்டையில் ஒலிக்கும். வில்சனின் புதுக்குரலுக்கு அதுவும் உயரம். அவரை வாசல்படியில் உட்காரவைத்து, கெஞ்சி, மிரட்டி, முனகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு கட்டைக்கும் கீழே, ஆர்மோனியத்தில் கறுப்பையும் சேர்த்து எண்ணி இடது பக்கம் மூன்று சுரம் இறங்கினால் ஒரு இடம் வருகிறது. அங்கே அந்தக் குரல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

என் விரல் மாறாது. அவர் குரலும் மாறாது. ஆகவே மாற வேண்டியது கருவி. அதைத்தான் மாற்றுச் சுதி என்கிறார்கள்.

முதலில் எல்லாரும் செய்கிற முட்டாள்தனத்தைச் செய்தேன். இருந்த தந்தியைத் தளர்த்தினேன். ஒரு சுரம் இறங்கும்வரை பொறுத்துக்கொண்டது. மூன்றாவது சுரத்தில் தொய்ந்து, பலகையில் இடித்து, பழைய உள்பாவாடை நாடா மாதிரி தொங்கியது. மீட்டினால் சுரம் வரவில்லை, ஒரு பெருமூச்சு வந்தது.

ராபினுக்குச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் நீளமாகக் குரல் அனுப்பினான்.

“அக்கா, ஒரு சாதனம் உண்டு, கேட்டியா. கேப்போன்னு பேரு. கழுத்துல மாட்டினா சுதி அப்படியே மாறும். அத்தானுக்கு நான் குடுத்துவிடுதேன், விஷமிக்காத.” கவலைப்படாதே என்கிறான்.

ஊருக்கு வந்த ஒருவர் கையில் கேப்போ வந்தது. மாட்டினேன். சுதி மாறியது, மேலே! கேப்போ என்கிற அந்தக் கவ்வி தந்தியை நடுவில் அமுக்கி நீளத்தைக் குறைக்கும், குறைந்தால் சுதி ஏறத்தான் செய்யும். பள்ளியில் வருஷா வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். மஸ்கட்டிலிருந்து விமானத்தில் வந்ததால் வேறு விதமாக நடந்துகொள்ளும் என்று நம்பிவிட்டேன் போலிருக்கிறது. எங்கள் சபையிலிருந்து மஸ்கட் வரைக்கும் எல்லாருக்கும் சுதியை ஏற்றத்தான் வழி தெரிகிறது.

அந்திச் சூரியனின் இழுவிசை

அடுத்து இணையத்தில் தேடினேன். உக்குலேலேயின் தந்திகளில் ஒரு விசித்திரம் உண்டு. மேலே இருக்கும் முதல் தந்தி தாழ்ந்த சுரமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இதிலோ அது குறும்பாக உயர்ந்து நிற்கும். அதை மட்டும் தாழ்த்த ஒரு தடித்த தந்தி தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்கினேன். வெள்ளிக் கம்பி சுற்றிய தந்தி. விரல் நகர்ந்தால் தகரத்தில் நகம் போட்ட மாதிரி கீச்சிட்டது. மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. பாட்டுக்கு அடிக்கனம் கிடைத்ததே தவிர, பாட்டு இறங்கவில்லை.

பிறகு, பெரிய உக்குலேலேக்கான தந்திக் கட்டு. அது தாழ்ந்த சுதிக்கென்றே செய்தது. வாங்கியவர்களின் விமர்சனங்களைப் படித்தேன். ஒருவர் அதன் ஒலி சாக்லேட் மாதிரி என்றார். இன்னொருவர் அந்திச் சூரியன் மாதிரி என்றார். அந்திச் சூரியனை எவ்வளவு இறுக்கலாம், என் சின்னக் கருவியின் கழுத்து அதைத் தாங்குமா என்று இரண்டு பேருமே எழுதவில்லை. எப்படியும் அது வந்து சேர்வதற்குள் பண்டிகை முடிந்திருக்கும்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். சுதி இறங்க வேண்டுமென்றால் தந்தி நீளமாக வேண்டும், அல்லது தளர வேண்டும், அல்லது கனமாக வேண்டும். நீளத்தைக் கூட்ட முடியாது. தளர்த்தியாயிற்று. மிச்சம் கனம்தான். தடிமனைக் கூட்டலாம். அல்லது அதே தடிமனில் பாரமான பொருளாகப் பார்க்கலாம். ஏதோ ஒரு தீவிலிருந்து ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதியிருந்தார். ஃப்ளோரோகார்பன் என்ற தூண்டில் நரம்பு நைலானைவிடப் பாரம், மீன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கச் செய்தது, உக்குலேலேக்கும் கட்டலாம் என்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நைலான் இருந்த அதே தடிமனில் இதைக் கட்டினால், அதே இறுக்கத்தில், சரியாக எனக்கு வேண்டிய மூன்று சுரமும் சொச்சமும் இறங்கும்.

எழுந்து செருப்பைப் போட்டேன்.

“எங்க போற?” என்றார் வில்சன்.

“கடப்பொறத்துக்கு. நீங்களும் வாங்க.”

மறுபடியும் தூண்டில் கடை

கடைக்காரர் எங்களை அணைத் திருடர்கள் என்று முடிவு கட்டிவிட்டதால் மிகுந்த அன்போடு நடந்துகொண்டார். ஃப்ளோரோகார்பன் சுருள்கள் உள் அலமாரியில் இருந்தன. நான் அளந்து ஒரு மெல்லிய சுருளை எடுத்தால், அவர் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, கட்டுமரத்தையே இழுக்கக்கூடிய ஒன்றைக் கையில் திணித்தார். இது நெய்மீன் இழுத்தாலும் அறாத தங்கூஸ், அது பொட்டிப் போகும் என்பது அவர் கட்சி. நான் மறுபடியும் மெல்லியதை எடுப்பேன். வில்சன் ஒருவழியாக வலைகளிலிருந்து கண்ணை இறக்கி வாய் திறந்தார்.

“சேட்டா, மீன் செறுதாணு” என்றார். சின்ன மீன்தான் என்று. கடைக்காரருக்கு உலகம் புரிந்தது. கேட்ட அளவுகளை எல்லாம் வெட்டிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பைக்கில் வில்சன் சிரித்துக்கொண்டே வந்தார். நெய்யாற்றின்கரை பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது.

“டீச்சரே, கம்பி கட்டிப்போடுவ நீ. எனக்கது தெரியும். சபை நடுவுல நான் எடுத்து, தொண்டை அடச்சிப் போச்சுன்னா? பின்ன நான் வாயே தெறக்க மாட்டேன், கேட்டியா. வீட்டுலயும்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

புதுத் தந்திக்கு ஒரு கெட்ட குணம். சுதி சேர்த்துவிட்டுத் தேநீர் போட்டு வருவதற்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். மறுபடி முறுக்க வேண்டும். நாள் கணக்கில் முறுக்கினேன். கடைசியில் நின்றது. மீட்டியபோது தடித்து, உருண்டு, அமைதியாக ஒரு ஒலி வந்தது. சாக்லேட்டும் இல்லை, சூரியனும் இல்லை. துண்டோடு வராந்தாவில் போய்க்கொண்டிருந்த வில்சன் நின்றார். நின்ற இடத்திலேயே முதல் சரணத்தின் முதல் அடியை மெதுவாக முனகினார். பிறகு யாரோ பார்த்துவிட்ட மாதிரி உள்ளே போய்விட்டார்.

அறுப்பின் பண்டிகை

பெண்கள் சங்கத்துக்குப் பண்டிகையில் ஒரு பாட்டு உண்டு. இந்த வருஷம் கீர்த்தனையை நாங்களே எடுக்கிறோம், நான் உக்குலேலே வாசிக்கிறேன் என்று கேட்டேன். ஞானதாஸ் அண்ணன் கருவியைப் பார்த்துவிட்டு, “பிள்ளையளுக்க சாமானம்லா. சாரமில்ல, வாசியுங்க” என்று, பரவாயில்லை என்கிற மாதிரி கையை அசைத்து, அனுமதி கொடுத்தார். சரணத்தை யார் பாடுவார் என்று மட்டும் நான் சொல்லவில்லை.

பண்டிகையன்று பீடத்துக்கு முன்னால் நேந்திரங்குலை, சேனை, மரச்சீனி, பலாப்பழம், இரண்டு கட்டு ரப்பர் ஷீட். ஏலத்துக்கு வந்த ஒரு சேவல் பெஞ்சுக் காலில் கட்டப்பட்டு, சரியாக மூன்று கட்டையில் கூவிக்கொண்டிருந்தது. வில்சன் அங்கி போட்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் கொடுத்துவிடுவதாக என்னிடம் சொல்லித்தான் போட்டிருந்தார். மைக்கை என் கருவிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் மீட்டினேன். மைக் வில்சனின் கையில்தான் இருந்தது. அதை அவர் தன் வாய்ப்பக்கம் திருப்புவாரா என்று எனக்குத் தெரியாது. நாலு மீட்டலுக்குப் பிறகும் திருப்பவில்லை. ஐந்தாவதில் திருப்பினார்.

முதல் அடி மெலிந்து வந்தது. நடுவில் ஒரு இடத்தில் காற்று மட்டும் வந்தது. ஞானதாஸ் அண்ணனின் விரல் ஆர்மோனியத்தின் மூன்றாம் கட்டைக்குப் போய்விட்டது. அழுத்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் எடுத்த சுதியை மாற்றக்கூடாதே! விரல் கட்டையின் மேலேயே நின்றது. வில்சன் இரண்டாம் அடியை எடுத்தார். அது அந்த வாசல்படியில் கேட்ட குரல். மண் ஒட்டியது, தடித்தது, நிதானமானது. சரணம் முடிந்தது.

பல்லவி சபையுடையது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. லாரி ஏதோ உள்ளே வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் பாடினார். ஏலம் விடுகிறவர் பாடினார். பாட்டு வேளையில் எப்போதும் தலைகுனிந்து பக்தியோடு உதட்டை அசைக்கும் கடைசி பெஞ்சுக்காரர்கள் முழுத் தொண்டையில் பாடினார்கள். அது பக்தி இல்லை, வாயசைப்பு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று கட்டை எட்டாமல் வருஷக்கணக்காக இந்த மனுஷர்கள் சும்மா நின்றிருக்கிறார்கள். மானத்துக்குப் பயந்து ஒருவரும் வெளியே சொல்லவில்லை. பக்கத்து ஆள் பாடுகிறான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். வெளியே விட்டுப் பாடிப் பழகாததால் பாதிப் பேருக்கு மெட்டே சரியாகத் தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். எனக்குக் கண் நிறைந்து, இரண்டு கார்டு தப்பிப்போனது. அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

ஞானதாஸ் அண்ணனைப் பார்த்தேன். கையை ஆர்மோனியத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் வில்சன் அங்கியைக் கழற்றி மடித்து அவரிடம் நீட்டினார். அண்ணன் அதை வாங்கவில்லை.

“அதுக்க கழுத்துல பட்டன் இல்லடே. டீச்சர்ட்ட செல்லித் தைச்சுப் போட்டுட்டு வா” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “கொள்ளாம், நல்லாத்தான் இருந்துது. ஆனா இந்தத் தாழ்ந்த சுதி பண்டிகைக்கு மட்டுமாக்கும்” என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு ஆர்மோனியம் தானாகவே இறங்கி ஒலித்தது. அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆண்களின் முழக்கம் ஒலிபெருக்கி வழியாகப் பள்ளம் தாண்டி எதிர்மேட்டுக்குப் போயிருக்கிறது. மாதம் முடிவதற்குள் அவர்கள் எங்களைவிட அரைக் கட்டை இறங்கினார்கள். உடனே இங்கே கமிட்டி கூடியது. போட்டி இப்போது கீழ்நோக்கி நடக்கிறது. இந்த வேகத்தில் போனால் இரண்டு சபைகளும் கிறிஸ்துமஸுக்குள் கிணற்றுக்குள் இறங்கிவிடும்.

அது அவர்கள் பாடு. பண்டிகைக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில் எனக்கு பஸ் போய்விட்டது. குளியலறைக் கதவை முதலில் விரலால் தட்டினேன். பிறகு உள்ளங்கையால். கடைசியில் உக்குலேலேயை மேசையில் வைத்துவிட்டு வந்து இரண்டு கையாலும் இடித்தேன்.

“டேங்குல தண்ணி தீரப் போவுது!”

“நிக்கிட்டி” என்றது அந்தத் தடித்த குரல். “இனியும் ஒரு சரணம் உண்டு.”